ஹம்மிங்பேர்ட் இல்லாத ஊரில் ஷைனி அக்காவின் தொங்குசட்டி

சண்டை போட வேறு ஆளில்லாமல் என்னை விட்டுப்போன என் ஷைனி அக்காவுக்கு,

உன் செடிச்சட்டி இப்போதும் முன்வாசலில், நீ காட்டிய அதே கொக்கியில்தான் தொங்குகிறது. எடுக்க வந்தவர்கள் எடுக்காமல் திரும்பிப் போனார்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

உன் முதலாண்டு நினைவு ஜெபம் போன சனிக்கிழமை முடிந்தது. அதற்கு முந்தைய நாள் நம் வீட்டில் என்ன நடந்தது என்று குன்னத்துகாலில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒரு கதையில் நீ குருவியாக வந்திருக்கிறாய். இன்னொன்றில் நான் பெரியப்பாவை அடிக்கக் கை ஓங்கியிருக்கிறேன். இரண்டும் பொய். அதனால்தான் இந்தக் கடிதத்தை மடித்து உன் கல்லறையில் வைக்காமல் எல்லாரும் வாசிக்கிற மாதிரி எழுதுகிறேன். நீ வாசிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஊர் வாசிக்கட்டும்.

உனக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது டயாலிசிஸ் கட்டிலில். வாரத்தில் மூன்று நாள், நாள் ஒன்றுக்கு நாலு மணி நேரம். இடது கையில் ஊசி, அசைக்கக் கூடாது. வலது கையில் போன். ஏதோ ஒரு வெளிநாட்டு வீட்டின் வராந்தா, தொங்குசட்டியில் சிவப்புப் பூ, பூவுக்கு முன்னால் காற்றில் அப்படியே நின்றுகொண்டு தேன் குடிக்கிற கட்டைவிரல் அளவுப் பறவை. ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாய்.

"எலே, இது நம்ம வீட்டு ஜன்னலுக்கு வரணும், கேட்டியா" என்றாய்.

வராது என்றேன். அது ஹம்மிங்பேர்ட், அமெரிக்கக் கண்டங்களை விட்டால் வேறெங்கும் கிடையாது, இந்தியாவில் ஒன்றுகூட இல்லை என்றேன். பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்த பெண் என்னை முறைத்தாள். நோயாளியிடம் இப்படியா பேசுவார்கள்? நீ முறைக்கவில்லை. சிரித்தாய்.

"நீ ஏசி பாக்குற ஆளு. பட்சியப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

அடுத்த வாரமே நெட்டில் ஒரு பட்டியலைக் கண்டுபிடித்தாய். ஹம்மிங்பேர்டை வரவழைக்கும் தொங்குசட்டிச் செடிகள். பியூஷியா, பெட்டூனியா என்று வரிசையாக. ஊட்டிப் பக்கத்திலிருந்து பார்சல் வந்தது. பியூஷியா நம் வெயிலில் ஒன்பதாம் நாள் கருகியது. பெட்டூனியா ஒரே மழையில் அழுகிய கீரை மாதிரி ஆனது. நான் தண்ணீர் ஊற்றிய விதம் சரியில்லை என்றாய். பட்டியலே சரியில்லை என்றேன். வெளிநாட்டுப் பறவைக்குக் குளிர்நாட்டுக்காரன் எழுதிய பட்டியல். அதைப் பாறசாலைப் பக்கத்தில் கொண்டுவந்து தொங்கவிட்டால் செடியும் நிற்காது, பறவையும் வராது.

"அப்பம் நம்ம ஊரு பட்டியல நீ எழுது" என்றாய். "பெரிய ஐடிஐக்காரன்தான?"

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், என் வாழ்நாளில் ஒருவர் என்னிடம் கேட்ட மிக நேரான கேள்வி அதுதான். ஹம்மிங்பேர்ட் இல்லை, சரி. தேன் குடிக்கிற நம்மூர்ப் பறவை எது? தேன்சிட்டு. அதற்கு என்ன வேண்டும்?

வெள்ளறடை ரோட்டில் உள்ள நர்சரிக்கு ஆட்டோவில் போனோம், நினைவிருக்கிறதா? டயாலிசிஸ் இல்லாத நாள். உனக்கு நடக்க முடியவில்லை. நர்சரிக்காரர் ஒரு ஸ்டூல் போட்டு உன்னை உட்கார வைத்தார். கேட்காமலே டர்ட்டில் வைன் சட்டியைத் தூக்கிக் காட்டி, "சேச்சி, இப்போ எல்லாரும் இதாணு கொண்டுபோகுந்நது" என்றார். எல்லாரும் வாங்கிப் போவது இதுதானாம். பச்சைத் திரை மாதிரி அழகாகத்தான் தொங்கியது. அதில் குருவிக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நீ ஸ்டூலில் இருந்து விழுந்துவிடுவாய் போலச் சிரித்தாய்.

நான் ஒவ்வொரு செடியிலும் ஒரு பூவைப் பறித்துப் பிளந்து பார்த்தேன். குழாய் வேலை எனக்குத் தெரியும். பூவும் ஒரு குழாய்தான். நீளம் சிட்டின் அலகுக்குச் சரியாக இருக்க வேண்டும், அடியில் ஒரு துளியாவது தேன் இருக்க வேண்டும். பத்துமணிப் பூ விரிந்த தட்டு, அதில் குழாய் இல்லை. மணிபிளாண்ட் நம் வீட்டில் பூக்கவே பூக்காது. கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று நர்சரிக்காரர் பட்டாசுச்செடி என்று சொன்னது, ஊசி போல இலை, கொத்துக் கொத்தாய்ச் சரிகிற சிவப்புக் குழாய்ப் பூ. இன்னொன்று பற்றவைத்த சிகரெட் நுனி மாதிரி பூக்கிற குட்டிச் செடி. இரண்டும் வெயிலைத் தாங்கும், ஜூன் மாத இடவப்பாதி மழையையும் தாங்கும், வருஷம் முழுக்கப் பூக்கும்.

"சபைக் குடும்பத்துப் பிள்ளைய பட்டாசும் சிகரெட்டும் வாங்க வச்சிட்டியே" என்று வழி முழுக்கக் கேலி பண்ணினாய்.

சட்டியை உன் ஜன்னலுக்கு நேராக மாட்டினேன். தினமும் தண்ணீர் ஊற்றும்போது நீ உள்ளே இருந்து அளவு சொல்வாய். நாள் முழுக்க உனக்கு ஒரு பாட்டில் தண்ணீர்தான், அதற்கு மேல் குடிக்கக் கூடாது. ஒருநாள் நான் பாதிச் சொம்போடு நிறுத்தியபோது ஜன்னலைத் தட்டினாய்.

"எனக்குத்தான் குடிக்கப்படாது. அதுவாவது குடிக்கட்டும்லே."

செடி பிழைத்தது. பூத்தது. சிவப்பாகக் கொட்டியது. ஆனால் சிட்டு வரவில்லை. அடுத்த வீட்டு சரசம்மா மாமியின் வேலிச் செம்பருத்திக்குத் தினமும் இரண்டு வந்து போயின. நம் சட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயின. நீ மாதக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாய். மழை தொடங்கும் முன்னால் போய்விட்டாய்.

ஏன் வரவில்லை என்று நீ கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரியும். சொல்லத்தான் வேண்டும்.

நீ போன பிறகு அந்தச் சட்டியை எறிந்துவிடத்தான் நினைத்தேன். எறியவில்லை, வீம்புக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஒருநாள் காலையில் சர்வீசுக்குக் கிளம்பும்போது மாமியின் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிட்டு செம்பருத்திக் கொம்பில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பூவுக்குள் அலகை விட்டது. அடுத்த பூவுக்கு அடுத்த கொம்பு. காற்றில் நின்று குடிக்கவே இல்லை. ஒரே ஒரு முறை முயன்றது, ஓரிரு நொடியில் விட்டுவிட்டது. நம் சட்டி வழவழப்பான பிளாஸ்டிக். பட்டாசுச்செடியின் தண்டோ நூல் மாதிரி, உட்கார்ந்தால் வளைந்துவிடும். சிட்டுக்குக் கால் வைக்க இடமே இல்லை.

அவ்வளவுதான் அக்கா. பூவின் குழாயைப் பிளந்து பார்த்த நான், குருவியின் காலைப் பார்க்கவில்லை. வெளிநாட்டுப் பட்டியலைத் திட்டிக்கொண்டே அந்தப் பட்டியலின் தப்பையே நானும் செய்தேன். காற்றில் நிற்கிற பறவைக்குத் தொங்கவிடுவது போலவே உட்காருகிற பறவைக்கும் தொங்கவிட்டேன்.

பழைய ஏசி வெளியூனிட் ஒன்றின் காற்றாடி முன்னால் இருக்கும் வட்டக் கம்பிவலை ஷெட்டில் கிடந்தது. அதன் நடுவை வெட்டி, சட்டியை அதற்குள் இறக்கினேன். சட்டியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கம்பி நீட்டிக்கொண்டு நின்றது. நாலாம் நாள் சிட்டு வந்து கம்பியில் உட்கார்ந்தது. குடித்தது. அடுத்த பூவுக்கு நகர்ந்து உட்கார்ந்தது. ஒரு மணி நேர வேலை. அதை உனக்கு உயிர் இருந்தபோது செய்யத் தெரியாமல் போனதற்கு நான் யாரைத் திட்டுவது? என்னைத்தான் திட்டினேன். இப்போதும் திட்டுகிறேன். ஆறுதல் சொல்ல யாரும் வர வேண்டாம்.

சித்திரை மாதம் பெண் சிட்டு அந்தக் கம்பி ஓரத்திலேயே கூடு கட்டியது. சிலந்தி வலை, சருகு, பஞ்சு, எல்லாம் சேர்த்துத் தொங்குகிற ஒரு சின்னப் பை. பக்கவாட்டில் ஒரு துளை. மினுமினுக்கிற ஊதா உடம்போடு ஆண் சும்மா பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தது, பெண்தான் எல்லா வேலையும் செய்தது. இதைக் கேட்டால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. சரசம்மா மாமி வந்து கூட்டைப் பார்த்துக் கண் கலங்கி, "மோனே, நம்ம ஷைனி வந்நல்லோ" என்றாள்.

அது தேன்சிட்டு மாமி, எடை பத்து கிராம்கூட வராது என்றேன்.

"ஆயிக்கோட்டே" என்றாள், இருந்துவிட்டுப் போகட்டும் என்பது போல. "எனிக்கு அது ஷைனியாணு."

மாமி சொன்னது தெருவுக்குப் போனது. தெரு ஜங்ஷனுக்குச் சொன்னது. ஆட்கள் கேட் பக்கம் நின்று எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு பெண் கைகூப்பியே நின்றாள். இதற்குள் அம்மாவும் காலையில் கூட்டின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதனிடம் பேச ஆரம்பித்தாள். மரச்சீனிக் கிழங்கு அவித்தேன், மீன் கிடைக்கவில்லை. என்னைப் பற்றியும்: ஜெபின் ராத்திரி சாப்பிடாமல் படுத்தான். இப்படி. மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் சொல்லிவிட்டேன். "அம்மா, அது அக்கா இல்ல. குருவி."

அம்மா எழுந்து உள்ளே போனாள். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. நான் சொன்னது சரி. சரியானதைச் சொன்ன பிறகு வீடு ஏன் அப்படி இருந்தது?

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெரியப்பா வந்தார். நினைவு ஜெபத்துக்குப் பந்தல் போடுகிறவரையும் கூட்டி வந்திருந்தார். பந்தலின் முன்கயிறு கட்ட அந்தக் கொக்கி வேண்டும் என்பது வெளிக் காரணம். உண்மையான காரணத்தை அவர் கூட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் சபைக் கமிட்டியில் இருக்கிறார். நாளைக்குப் போதகர் வருவார். செத்த பிள்ளை குருவியாய் வந்திருக்கிறது என்று ஊர் கும்பிடுகிற இடத்தில் எப்படி ஜெபம் நடத்துவது?

"மரிச்ச பிள்ளை குருவியா வாறதுக்கு நம்ம வேதத்துல இடம் உண்டாலே?" என்று கேட்டார்.

"இல்ல. எனக்கும் அதுல நம்பிக்கை இல்ல."

"பின்ன என்னத்துக்கு பிடிவாதம்? எடுத்துப் பின்னால பிலா மரத்துல கெட்டு. ஒரு நாளுதான."

"அது குருவியானதுனாலதான் எடுக்க முடியாது பெரியப்பா. உள்ள ரெண்டு குஞ்சு உண்டு. அக்காவா இருந்தா பிலாவுக்கு வழி கண்டுபிடிச்சு வருவா. குருவிக்குத் தெரியாது. கூட்டை மாத்துனா தாய்க்குக் குஞ்சு கிடைக்காது. சாயங்காலத்துக்குள்ள ரெண்டும் செத்துப்போவும்."

தாய்ச்சிட்டு எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை இரையோடு வருகிறது என்று போனில் நேரம் பிடித்து வைத்திருந்தேன். அதைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. குஞ்சு முக்கியமா, சபை முக்கியமா என்று கேட்டார். குஞ்சு என்றேன். பந்தல்காரர் ஏணியைச் சுவரில் சாய்த்து, யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார். நான் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டேன். கை ஓங்கவில்லை. உட்கார்ந்தேன், அவ்வளவுதான். ஒரு பக்கம் அதை ஆத்மா என்று சொல்லிக் கும்பிட வருகிறார்கள், இன்னொரு பக்கம் அதை விக்கிரகம் என்று சொல்லிப் பிடுங்க வருகிறார்கள். அதற்குப் பசிக்கிறது என்று சொல்ல ஒருவர்கூட இல்லையா?

பெரியப்பா அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வாசலுக்கு வந்தாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அது என் ஷைனி என்று அம்மா சொல்லிவிட்டால் பெரியப்பாவின் பேச்சுதான் ஜெயிக்கும். அப்புறம் கூடு இல்லை.

"நீயே சொல்லு. இது என்ன?" என்று கேட்டார்.

"குருவியாக்கும் அத்தான்" என்றாள் அம்மா. "எனக்குத் தெரியாதா? எனக்க பிள்ளைக்கு மண்ணு போட்டதை நான் நின்னு பாத்தவ."

"பின்ன அதுகிட்ட என்ன பேச்சு?"

"வீட்டுல பேச வேற ஆளு இல்ல."

அம்மா என் பக்கம் பார்க்கவே இல்லை. மற்ற எல்லாரும் பார்த்தார்கள். பந்தல்காரர்கூட.

அக்கா, நான் எத்தனையோ வீட்டில் கழற்றிய மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, இன்னதுதான் கோளாறு என்று யோசிக்காமல் சொல்லியிருக்கிறேன். எனக்குள்ளே என்ன கோளாறு என்று ஒரு வருஷமாக எனக்குத் தெரியவில்லை. காலையில் கிளம்பிவிடுவேன். நெய்யாற்றின்கரை வரைக்கும் தேவையில்லாத சர்வீஸ் கால்களுக்கும் போவேன். இருட்டிய பிறகு வந்து, தின்றும் தின்னாமலும் படுத்துவிடுவேன். செடிக்கு மட்டும் ஒருநாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். அதே வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவைத் தாண்டிப் போய் ஊற்றினேன். உன் பெயரை அந்த வீட்டுக்குள் நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அம்மா யாரிடம் பேசுவாள்?

அம்மா பந்தல்காரரிடம், "பந்தல ரெண்டு கோல் தள்ளிப் போடுங்க, சட்டி இருக்குற எடத்துல இருக்கட்டும்" என்றாள். பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இது எனக்க வீடு அத்தான்" என்றாள். அவ்வளவுதான். அம்மா இப்படிப் பேசி நீயும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

மறுநாள் சட்டிக்குக் கீழே, சர்வீஸ் வேலைக்கு வைத்திருக்கும் மஞ்சள் கறுப்பு நாடாவைச் சதுரமாகக் கட்டினேன். உள்ளே யாரும் வரக் கூடாது. கைகூப்ப வந்தவர்களிடம், "இது பறவை, பேரு தேன்சிட்டு, தள்ளி நின்னு பாருங்க" என்றேன். ஒருத்தி கோபித்துக்கொண்டு போனாள். போகட்டும். இரண்டாவது கீர்த்தனையின்போது தாய்ச்சிட்டு ஒரு சிலந்தியோடு வந்து, வழி மறித்து உட்கார்ந்திருந்த பெரியப்பாவின் தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்தியது. அவர் பாடிக்கொண்டே நாற்காலியை ஒரு முழம் நகர்த்திப் போட்டார். போதகர் அதைப் பார்த்தார். பிறகு உன்னைப் பற்றி மட்டும் பேசினார். நீ ஞாயிறுபள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சிரிக்க வைத்துக் கெடுத்த கதையை அவர் சொல்லித்தான் நான் கேட்டேன்.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஏசி கம்ப்ரசர் பற்றிப் பேசினேன். அரை மணி நேரம். அம்மா கம்ப்ரசரை முழுக்கக் கேட்டாள். பிறகு, "அவ கேட்ட அந்த அமெரிக்காக் குருவி உண்மையில இஞ்ச வராதாலே?" என்று கேட்டாள். வராது என்றேன். "செரி. அவ அதுக்கு உன்கிட்ட என்னவெல்லாம் சண்டை போட்டா?"

சொன்னேன். எல்லாம் சொன்னேன். பட்டாசும் சிகரெட்டும் வந்தபோது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு.

செவ்வாய்க்கிழமை காலையில் குஞ்சு இரண்டும் கூட்டை விட்டுப் பறந்துவிட்டன. நல்லவேளை, யாரும் அதில் ஒன்றுக்கும் அர்த்தம் சொல்லவில்லை.

இனி உனக்கு என் வாக்கு. செடிக்குத் தண்ணீர் குறைக்க மாட்டேன். எந்த சர்வீஸ் கால் வந்தாலும் ஆறு மணிக்கு வீட்டில் இருப்பேன். உன் பெயரை ஒரு குருவிக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஊர் என்ன சொன்னாலும் சரி. அந்தப் பெயரைச் சொல்ல இந்த வீட்டில் ஆள் உண்டு. அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாக, நானே சொல்வேன்.

உன் முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொன்ன ஒரே தம்பி,
ஜெபின்